பெருநாள் விருந்தும் முஃமினின் வீடும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

பெருநாள் தினத்தில் உங்கள் வீட்டுக்குள் நுழையும் மனிதர் எதைச் சுமந்துகொண்டு திரும்பிச் செல்கிறார் என்பதைப் பற்றி என்றாவது சிந்தித்திருக்கிறீர்களா? வட்டிலப்பத்தின் இனிப்பு ஒரு மணி நேரத்தில் நாவை விட்டு நீங்கிவிடும். புரியாணியின் மணம் கையைக் கழுவியதும் போய்விடும். ஆனால், அந்த வீட்டில் தான் எந்தக் கதிரையில் அமர்த்தப்பட்டோம், தன்னைக் கண்டதும் வீட்டாரின் முகம் மலர்ந்ததா அல்லது சுருங்கியதா என்பதை அவர் அடுத்த பெருநாள் வரை மறக்கமாட்டார். சில வேளைகளில் மரணிக்கும் வரை மறக்கமாட்டார்.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் விசுவாசிப்பவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்தட்டும் என நபியவர்கள் பணித்ததை ஸஹீஹுல் புகாரியும் ஸஹீஹ் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. இங்கே உபசரிப்பு ஈமானோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே வந்துள்ள சொல் கண்ணியம் என்பதையும் கவனியுங்கள். வயிற்றை நிரப்புவது அதில் ஒரு பகுதி மாத்திரமே. வயிறு நிறைய உணவளித்து, மனம் நோக அனுப்பிவைத்த விருந்துகளை நாமெல்லாம் கண்டிருக்கிறோம்.

இவ்விடயத்தில் அல்குர்ஆன் நமக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறது. அது நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வீடு. ஸூரத்துத் தாரியாத்திலும் ஸூரா ஹூதிலும் அச்சம்பவம் வருகிறது. முன்பின் அறிமுகமில்லாத சிலர் வருகிறார்கள், ஸலாம் சொல்கிறார்கள், அவர் பதில் ஸலாம் சொல்கிறார். வந்தவர்கள் மலக்குகள் என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. யார், எங்கிருந்து, எதற்காக என்ற கேள்விகளை அடுக்காமல் அவர் தம் வீட்டாரிடம் செல்கிறார். அவர் சென்றதைக் குறிக்க அல்குர்ஆன் கையாளும் 'ராஃக' என்ற சொல், ஓசைப்படாமல், பிறர் கவனிக்காத வண்ணம் நழுவிச் செல்வதைக் குறிக்கும் என முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். ஏன் அவ்வாறு செல்ல வேண்டும்? "உங்களுக்கு ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்று கேட்டால், வெட்கமுள்ள எந்த விருந்தாளியும் "வேண்டாம்" என்றே சொல்வார். கேட்பவருக்கும் அது வசதியாகப் போய்விடும்! நம்மில் பலர் பிறரிடம் "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் தொனியிலேயே "இல்லை" என்ற பதிலை வாங்கிவிடுகிறோம்.

பிறகு, தாமதமின்றிப் பொரித்த கொழுத்த கன்றொன்றைக் கொண்டுவருகிறார். தம்மிடமிருந்த மெலிந்ததை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. உணவை ஓரிடத்தில் வைத்துவிட்டு "அங்கே வாருங்கள்" என்று விருந்தாளிகளை எழுப்பவுமில்லை. அதனை அவர்களுக்கு அருகிலேயே கொண்டுபோய் வைக்கிறார். "உண்ணுங்கள்" என்று கட்டளையிடாமல், நீங்கள் உண்ணமாட்டீர்களா என மென்மையாக வினவுகிறார். அவர்களின் கைகள் உணவை நோக்கி நீளாததைக் கண்டதும் அவருக்கு உள்ளூர அச்சம் ஏற்படுகிறது. அதாவது, உணவை வைத்த பின்னரும் அவரது பார்வை விருந்தாளிகளை விட்டு அகலவில்லை. இன்று நாம் உணவைப் பரிமாறிவிட்டுக் கையடக்கத் தொலைபேசிக்குள் புகுந்துவிடுகிறோம். விருந்தாளி உண்டாரா, இல்லையா என்பதைத் தட்டுகளை எடுக்கும்போதுதான் காண்கிறோம்.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம்.

பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்புகின்றனர். விறாந்தையில் கதிரைகள் போடப்பட்டிருக்கின்றன. உள்ளே, குசினியில், தலைப்பிறை கண்ட இரவிலிருந்து ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர்தான் உங்கள் உம்மா. அல்லது உங்கள் மனைவி. பல வீடுகளில் பெருநாள் என்பது அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வருகிறது. அவர் புதிய உடையை மாற்றும்போது அஸர் பாங்கும் சொல்லப்பட்டுவிடும். வந்த மாமியோடு இரண்டு வார்த்தை பேசவும் அவருக்கு நேரம் கிடைத்திராது.

நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்காக வெளியேறுவார்கள் என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். இது புகாரியில் உள்ளது. வாலிபர்களே! வெங்காயம் உரிப்பதும், தேங்காய் துருவுவதும், சஹன்களைக் கழுவி அடுக்குவதும் உங்கள் ஆண்மையில் எதையும் குறைத்துவிடாது. பள்ளிவாசல் கந்தூரியில் பத்துக் கிடாரம் இறக்கும் கைகள், சொந்த வீட்டுக் குசினியில் ஒரு சட்டியை இறக்க ஏன் கூச வேண்டும்?

அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டு நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். முஸ்லிமின் ஓர் அறிவிப்பு அவரை அபூ தல்ஹா (ரழி) எனக் குறிப்பிடுகிறது. பசியோடு வந்த ஒருவருக்கு உணவளிக்க நபியவர்களின் வீடுகளில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இத்தோழர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கும் பிள்ளைகளுக்கான உணவு மாத்திரமே இருந்தது. பிள்ளைகளை உறங்க வைத்து, விளக்கைச் சரிசெய்வது போல அணைத்துவிட்டு, தாங்களும் உண்பதைப் போலப் பாவனை செய்து, கணவனும் மனைவியும் அவ்விரவைப் பசியோடு கழித்தார்கள். ஸூரத்துல் ஹஷ்ரின் 9 ஆவது வசனம் இதனையொட்டி இறங்கியது.

இச்சம்பவத்தை எடுத்துச் சொல்லும் நாம் ஒரு விடயத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். அந்தத் தோழர் முதலில் மனைவியிடம் "உன்னிடம் ஏதும் இருக்கிறதா?" என்று வினவினார். பிறகு இருவரும் சேர்ந்தே திட்டமிட்டார்கள், சேர்ந்தே பசித்திருந்தார்கள். முன்னறிவித்தல் எதுவுமின்றிப் பத்து நண்பர்களை வாசலுக்கு அழைத்துவந்து, "சாப்பாடு எடு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தாம் வயிறாரச் சாப்பிட்டு எழும் கணவருக்கு இந்த ஹதீஸில் எந்த ஆதாரமும் கிடையாது.

அகழ் யுத்தத்தின்போது ஜாபிர் (ரழி) அவர்களின் வீட்டில் ஒரு சிறிய ஆடும் ஒரு ஸாஉ அளவு வாற்கோதுமையும் இருந்தன. நபியவர்களை அழைக்கப் புறப்பட்ட கணவரிடம், நபியவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும் முன்னால் தன்னை வெட்கப்பட வைத்துவிட வேண்டாம் என அவரது மனைவி கேட்டுக்கொண்டார். ஆகவே ஜாபிர் (ரழி) அவர்கள் நபியவர்களிடம் இரகசியமாக விடயத்தைச் சொல்லி, ஒரு சிலரோடு வருமாறு அழைத்தார்கள். நபியவர்களோ அகழ் தோண்டிக்கொண்டிருந்த அனைவரையும் அழைத்துவிட்டார்கள். அன்று ஆயிரம் பேர் உண்டும் சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. அது நபியவர்களின் முஃஜிஸா. நம் சட்டிகளில் அதனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பெண்மணியின் பயம் நமக்கு மிகவும் பழக்கமானது. "உணவு போதாமல் போய்விடுமோ, நம் மானம் போய்விடுமோ" என்று ஒவ்வொரு பெருநாளிலும் நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு, அழைப்புக் கொடுக்கும் ஆணுக்கு உண்டு.

மானம் என்ற இந்த எண்ணம்தான் பல குடும்பங்களைக் கடனுக்குள் தள்ளுகிறது. பெருநாள் செலவுக்காக நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் வட்டிக்கு! ஒரு மாதம் நோன்பு நோற்றவர், ஷவ்வால் பிறையோடு வட்டியின் வாசலில் நிற்பதை விடக் கவலைக்குரியது வேறென்ன இருக்க முடியும்? ஒருமுறை நபியவர்கள் தம் வீட்டில் ஆணம் கேட்டபோது காடியைத் தவிர எதுவும் இல்லை என்றார்கள். அதையே வரவழைத்து, காடி எவ்வளவு நல்ல ஆணம் எனப் புகழ்ந்தவாறே உண்டார்கள் என ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை முஸ்லிமில் காணலாம். 2022 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள், எரிவாயுத் தட்டுப்பாட்டின் நடுவே நம் நாட்டுக்கு வந்தது. விறகடுப்பை மீண்டும் மூட்டி, இருந்ததைச் சமைத்து, வந்தவர்களோடு பகிர்ந்த வீடுகள் ஏராளம். அந்தப் பெருநாளில் யாருடைய மானமும் போய்விடவில்லை.

இப்போது, சொல்வதற்குச் சற்று சங்கடமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், வசதியான ஒரு வீட்டின் பெருநாள் விருந்துக்கு நானும் சென்றிருந்தேன். அவ்வீட்டாரின் உறவுக்காரப் பெண் ஒருவர், கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளோடு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பக்கற். அதனை வாங்கியவர், பாராமலே ஒரு மூலையில் வைத்தார். மண்டபத்தில் இடமிருந்தும் அப்பெண் நேராகக் குசினிக்கு அனுப்பப்பட்டார். நான் விடைபெறும்போது அவர் பின்பக்கக் குழாயடியில் எங்கள் சஹன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரது பிள்ளைகள் கதவருகில் நின்று, மண்டபத்துப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கெட்டவரல்லர். ஸகாத் கொடுப்பவர். அன்று அவர் அதனைக் கவனிக்கவேயில்லை. நானும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தின் உணவை உணவுகளிலேயே மிகக் கெட்டது என ஹதீஸ் சொல்கிறது. அழைக்காமல் விடுவதே இவ்வளவு பாரதூரமானதென்றால், அழைத்து இழிவுபடுத்துவதை என்னவென்று சொல்வது? ஸதகத்துல் பித்ரைத் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட மார்க்கம் ஏவியிருப்பதன் ஒரு நோக்கம், அந்த நாளில் எந்த ஏழையும் கையேந்தும் நிலைக்கு ஆளாகக்கூடாது என்பதாகும். அரிசியைக் காலையில் கொடுத்துவிட்டு, பகலில் அவரது முகத்தை வாடச் செய்துவிடாதீர்கள். அவர் கொண்டுவந்த பிஸ்கட் பக்கற்றை அவரது கண்முன்னே பிரித்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு தட்டில் வையுங்கள். ஆட்டின் குளம்பாயினும் அயல்வீட்டுப் பெண் அனுப்பும் அன்பளிப்பை அற்பமாகக் கருதலாகாது என முஸ்லிம் பெண்களை விளித்து நபியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

நமது நாட்டு முஸ்லிம்களிடம் சஹனில் உண்ணும் அழகிய பழக்கம் இருக்கிறது. ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி அமரும்போது முதலாளியின் கையும் தொழிலாளியின் கையும் ஒரே சோற்றில் படுகின்றன. வீட்டுக்காரர் சற்று அறிவோடு ஆட்களை அமர்த்தினால், பல மாதங்களாகப் பேசாதிருக்கும் இரு சகோதரர்களைக் கூட ஒரு சஹன் இணைத்துவிடும். ஆனால் அவர்களது சம்மதமின்றித் திடீரென அமர்த்திச் சபையில் சங்கடப்படுத்திவிடாதீர்கள். முதல் நாளே இருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். பிள்ளைகளுக்கும் சஹனின் ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க வேண்டும். உமர் பின் அபீ ஸலமா (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அவரது கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தது. நபியவர்கள் அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு அன்போடு சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பின்னர் தாம் அவ்வாறே உண்டு வந்ததாக அவர் சொல்கிறார். விருந்தாளிகளுக்கு முன்னால் பிள்ளையின் காதைத் திருகும் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக!

அயலவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா எனத் திரும்பத் திரும்பக் கேட்டதாக அபூ தாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்கள் அறிவிக்கின்றன. நம் மதிலுக்கு அப்பால் சிங்களச் சகோதரரோ தமிழ்ச் சகோதரரோ வாழ்கிறார். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், அவ்வருடம் ஜூன் மாதம் வந்த நோன்புப் பெருநாளில், வட்டிலப்பத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டப் பலர் தயங்கினார்கள். பெற்றுக்கொள்வார்களா, மறுப்பார்களா என்ற அச்சம் இருந்தது. பல வருடங்களாகத் தட்டு போய்வந்த பாதை அது. ஒருமுறை நின்றுவிட்டால், மீண்டும் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். உங்கள் தெருவில் அந்தப் பாதை இன்னும் அடைபட்டிருந்தால், இந்தப் பெருநாளில் முதல் தட்டு உங்கள் வீட்டிலிருந்து புறப்படட்டும்.

அழைக்கும்போது அவரது வழக்கத்தையும் அறிந்து அழையுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளொன்றில் என்னோடு கற்பித்த இந்து ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். மேசை நிறைய மாட்டிறைச்சி. அவர் சிரித்த முகத்தோடு ஒரு சோடாவை மட்டும் அருந்திவிட்டு, "வயிறு சரியில்லை சேர்" என்றார். அவர் சென்ற பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு உணவளிக்க நான் விரும்பினேன். ஆனால் அவர் எதை உண்பார் என்று கேட்க மறந்திருந்தேன். அடுத்த வருடம் தனிச் சட்டியில் மரக்கறி சமைத்து, தனிக் கரண்டி வைத்தோம். அவர் இரண்டு முறை வாங்கி உண்டார். பௌத்த அயலவர்களிலும் மாட்டிறைச்சி உண்ணாதோர் அநேகர். அவர்களது வீட்டுக்கு அதனை அனுப்புவதும், அவர்கள் பார்க்குமிடத்தில் கழிவுகளைப் போட்டுவைப்பதும் அயலவரின் உரிமைக்கு இழுக்காகும்.

உபசரிப்பு என்று பேசும்போது, இந்நாட்டு முஸ்லிம்கள் ஒரு வரலாற்றை மறக்க முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து 70,000 க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து படகேறிய பலர் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். புத்தளத்து மக்கள் அவர்களுக்காகச் சமைத்தார்கள். வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். மார்க்கத்தில் விருந்தாளியின் உரிமை மூன்று நாட்கள். அதற்கு மேற்பட்டது ஸதகா. அங்கே நாட்கள் வருடங்களாயின. காணிக்கும் தண்ணீருக்கும் தொழிலுக்கும் நெருக்கடி ஏற்பட்டது, மனக்கசப்புகளும் எழாமலில்லை. அவ்வாறிருந்தும் முதல் இரவில் கிடைத்த சோற்றை வடபுலத்துப் பெரியவர்கள் இன்றும் கண்கலங்கச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் மூத்தோர் யாரேனும் அவ்வாறு வந்தவராக, அல்லது வரவேற்றவராக இருந்தால், பெருநாள் சபையில் பிள்ளைகளை அவருக்கு அருகில் அமர்த்தி அக்கதையைக் கேட்க வையுங்கள்.

விருந்தாளிக்கும் கடமைகள் இல்லாமலில்லை. வீட்டாரைச் சங்கடத்துக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்கியிருப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். உணவுண்ட பின் பேச்சில் மூழ்கி அமர்ந்திருக்காமல் கலைந்து செல்ல ஸூரத்துல் அஹ்ஸாபின் 53 ஆவது வசனம் கற்பிக்கிறது. அழைக்கப்படாத ஒருவரைக் கூட்டிச் செல்வதாயின் அனுமதி பெறவேண்டும். அபூ ஷுஐப் (ரழி) அவர்கள் நபியவர்களோடு சேர்த்து ஐவரை அழைத்திருந்தார். வழியில் இன்னொருவர் பின்தொடர்ந்தார். நீர் விரும்பினால் இவருக்கு அனுமதியளிக்கலாம், விரும்பாவிட்டால் திரும்பிவிடுவார் என நபியவர்களே வீட்டுக்காரரிடம் கூறினார்கள். அவரும் அனுமதித்தார். உப்புக் குறைந்தது, இறைச்சி வேகவில்லை என்று குறை சொல்வதும் வேண்டாம். நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

மிஞ்சிய உணவைப் பற்றி ஒரு சொல். மிஞ்சிக் கெட்டுப்போன பிறகு யாருக்கேனும் அனுப்புவதை விட, சமைத்தவுடனேயே ஒரு பங்கை எடுத்துவைப்பது மேல். வெளியூரிலிருந்து வந்து கடைகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள், பெருநாளன்றும் கடமையிலிருக்கும் வைத்தியசாலைக் காவலாளி, பஸ் சாரதி ஆகியோருக்குச் சூடான ஒரு சோற்றுப் பார்சல் போய்ச் சேரட்டும். வறிய கிராமத்தவர்கள் மதீனாவுக்கு வந்திருந்த ஒரு வருடத்தில், உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க வேண்டாம் என நபியவர்கள் தடுத்திருந்தார்கள். வந்தவர்களின் பசியை முன்னிட்டே அவ்வாறு தடுத்ததாகப் பின்னர் தெளிவுபடுத்தி, சேமிக்கவும் அனுமதித்தார்கள். நம் குளிர்சாதனப் பெட்டிகளை மூடுமுன் இதனையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

விருந்தாளி எழுந்துவிட்டார். அவரோடு நீங்களும் எழுங்கள். தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்தவாறே "போயிட்டு வாங்க" என்று கையசைப்பது அழகல்ல. நபியவர்கள் அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரழி) அவர்களின் தந்தையிடம் விருந்தாளியாகச் சென்று, உண்டு, பருகி, புறப்பட்டபோது, அத்தந்தை நபியவர்களின் வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, தமக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டினார். அவர்களது ரிஸ்கில் பரகத்தும், பாவமன்னிப்பும், அருளும் கேட்டு நபியவர்கள் துஆச் செய்தார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது.

ஆகவே படலை வரை செல்லுங்கள். முதிய மாமிக்கு முச்சக்கர வண்டி பிடித்துக் கொடுங்கள். பஸ்ஸில் செல்பவர் என்றால், மகனை அனுப்பி, அவர் ஏறி அமரும் வரை தரிப்பிடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவரது பையில் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் வட்டிலப்பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள்" என்று கேளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.